கருப்பை வாயில் ஒரு வெள்ளைத் திட்டு

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே தடுக்க ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. முப்பது வயது கடந்த பெண்களை அழைப்பார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், நல்ல விளக்கொளியில், கருப்பை வாயில் நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவுவார். ஊறுகாய் கெடாமலிருக்க ஊற்றுகிறோமே வினிகர், அதில் இருப்பதும் இதே அமிலம்தான், ஏறத்தாழ இதே அளவில். தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார். பெரும்பாலான பெண்களுக்கு இளஞ்சிவப்பு நிறம் அப்படியே இருக்கும். சிலருக்கு மட்டும் ஓர் ஓரத்தில், சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல, வெள்ளையாக ஒரு திட்டு தெரியும்.

அந்த வெள்ளை புற்றுநோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘ஏதோ தெரிகிறது’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பாதி உயிர் போய்விடுகிறது பலருக்கு. நடப்பது இதுதான்: வழக்கத்தைவிடப் பெரிய உட்கருவும் நெருக்கியடித்த புரதமும் கொண்ட உயிரணுக்கள் ஓரிடத்தில் கூடியிருந்தால், அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரைந்து வெளுக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதைப் போல. கொஞ்ச நேரத்தில் மங்கியும் விடும். சில சமயம் சாதாரண அழற்சிகூட இப்படி வெளுக்கும் என்பதால், அடுத்து கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்ப்பார்கள். உண்மையிலேயே ஒழுங்கு தப்பிய உயிரணுக்கள்தான் என்றாலும், அவற்றில் பல தாமாகவே சரியாகிவிடும். சில மட்டும், கவனிக்காமல் விட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறும்.

அந்த ஒழுங்கைக் குலைத்தது ஒரு வைரஸ். திட்டு தெரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே வந்து சேர்ந்திருக்கும். தொற்று ஒன்று, ஒழுங்கு தப்பிய உயிரணு இன்னொன்று, புற்றுநோய் வேறொன்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக ஆண்டுகள் ஆகும்; போகாமலே நின்றுவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது.

மரு உண்டாக்கும் குடும்பம்

வைரஸின் பெயர் மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. பாப்பிலோமா என்பது தோலிலோ, வாய், கருப்பை வாய் போன்ற இடங்களின் உட்பரப்பிலோ முகை போலக் கிளம்பும் சிறு வளர்ச்சி. நாம் மரு என்கிறோம். சிறு வயதில் உங்கள் விரலிலோ பாதத்திலோ மரு வந்திருந்தால், இந்தக் குடும்பத்தின் ஏதோ ஓர் உறுப்பினரை நீங்கள் ஏற்கனவே சந்தித்துவிட்டீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்த வரிசைப்படி எண் வைத்தார்களே தவிர, எண்ணுக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை.

கைகால் மருவை உண்டாக்கும் வகைகள் கருப்பை வாய்க்குப் போவதில்லை. பிறப்புறுப்புப் பகுதியில் தொற்றுபவை நாற்பது வகைகள் இருக்கும். அவற்றிலும் 6, 11 ஆகியவை அந்தப் பகுதியில் மருக்களை உண்டாக்கும். பார்க்கச் சங்கடம், ஆனால் புற்றுநோய்க்கு அவை காரணமாவது மிக அரிது. ஆபத்தானவை என்று கணக்கில் எடுப்பது பதினான்கு வகைகளை. அந்தப் பதினான்கிலும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்குத் தெரிகிற மருவை உண்டாக்கும் வகை பெரும்பாலும் சாது. ஆபத்தான வகை எதையும் காட்டிக்கொள்வதில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அரிப்பு இல்லை.

தொற்றுவது தோலோடு தோல் உரசுவதால், பெரும்பாலும் உடலுறவின்போது. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோல் வழியாகவும் வைரஸ் வரும் என்பதால் முழுக் காப்பு இல்லை. உடலுறவுப் பழக்கமுள்ள ஆண், பெண் எல்லோரையும் எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றாதவர்கள் குறைவு. பத்தில் எட்டுப் பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். ஆண்களுக்கும் இதனால் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்கள் வருவதுண்டு, எண்ணிக்கையில் குறைவாக.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பரிசோதனை முடிவில் ‘எச்பிவி பாசிட்டிவ்’ என்று வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி ‘இனி என்ன சிகிச்சை?’ என்பதல்ல. ‘இது எப்படி வந்தது?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் தெரியும். அறிவியல் சொல்லும் பதில் தெளிவானது: எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டலாம். திருமணத்துக்கு முன் கணவனுக்குத் தொற்றியது, அவனுக்கே தெரியாமல், மனைவிக்கு வந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க ஒரே துணையோடு இருந்த பெண்ணுக்கும் வரும். இந்தியாவில் இந்த நோயோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்று வளர்த்த சாதாரணப் பெண்கள். அந்தக் காகிதத்தை நடத்தைச் சான்றிதழாகப் படிப்பவர்களிடம் நான் பொறுமையை இழந்து வெகுகாலமாகிறது.

இன்னொரு பழிச்சொல் ‘சுத்தமில்லாததால் வருகிறது’ என்பது. வறுமையும் மருத்துவ வசதியின்மையும் இந்த நோயோடு கைகோத்து வருவதைப் பார்த்து, யாரோ காரணத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். கழுவினால் போகும் வைரஸ் அல்ல இது.

ஏன் கருப்பை வாய்?

அதே வைரஸ் பெண்ணுறுப்பின் மற்ற பகுதிகளிலும்தான் தொற்றுகிறது. அங்கெல்லாம் புற்றுநோய் அரிது, கருப்பை வாயில் மட்டும் அதிகம். காரணம் அந்த இடத்தின் அமைப்பில் இருக்கிறது.

கருப்பையை ஒரு கவிழ்த்த பேரிக்காய் என்று நினைத்துக்கொண்டால், அதன் ஒடுங்கிய கீழ்முனை கருப்பை வாய். நடுவே மெல்லிய பாதை. பாதையின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் மூடியிருக்கின்றன. வழுவழுப்பான சளியைச் சுரப்பது அவற்றின் வேலை. வெளிப்புறத்தை மூடியிருப்பவை தட்டையான உயிரணுக்கள், தோலைப்போலப் பல அடுக்குகளாக. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பருவமடையும்போதும் கருவுற்றிருக்கும்போதும் உள் உயிரணுக்கள் வெளிப்பக்கம் பிதுங்கி வருகின்றன. அங்கே அமிலத்தன்மை அதிகம். அதைத் தாங்காமல் அவை மெல்ல மெல்லத் தட்டை உயிரணுக்களாக உருமாறுகின்றன. இது நோய் அல்ல, இயல்பு. ஆனால் இப்படி ஓயாமல் உருமாறிக்கொண்டிருக்கும் அந்த வளையம்தான் வைரஸுக்கு வாகான இடம். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன. செவிலியர் அமிலம் தடவிப் பார்ப்பதும் அந்த வளையத்தைத்தான். ஐம்பது வயதுக்கு மேல் அது பாதைக்குள் ஒதுங்கிவிடுவதால் கண்ணால் பார்க்கும் இந்தப் பரிசோதனை அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு போதும். அதன் வழியாக வைரஸ் அடியடுக்கு உயிரணுவை எட்டிவிடும். எட்டியபின் அவசரப்படாது. இரத்தத்தில் கலக்காது, உயிரணுவை வெடிக்கச் செய்யாது. அடியடுக்கு உயிரணு பிரிந்து மேலே வர வர, வைரஸும் கூடவே ஏறி, உச்சியில் உதிரும் செதில்களோடு வெளியேறும். இரைச்சல் இல்லாத இந்தப் பிழைப்பால்தான் நம் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அது சீக்கிரம் கண்ணில் படுவதில்லை. இருந்தும், பத்துத் தொற்றுகளில் ஒன்பதை உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது அந்த மீதி ஒன்றைப் பற்றி, அதிலும் ஒரு பகுதியைப் பற்றித்தான்.

மதகும் களையெடுப்பும்

எச்பிவியின் மரபுப்பொருள் ஒரு சின்ன வளையம். மனித மரபுப்பொருளில் முந்நூறு கோடி எழுத்துகள் என்றால், இதில் எட்டாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளத் தேவையான முழு இயந்திரம் அதனிடம் இல்லை. நாம் உயிரணுப் பிரிவுக்காக வைத்திருக்கும் இயந்திரத்தைத்தான் இரவல் வாங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், மேலடுக்குக்கு வந்துவிட்ட உயிரணு பிரிவதை நிறுத்திவிட்டது. இயந்திரத்தை அணைத்து வைத்துவிட்டது. ஆகவே வைரஸ் அதை வலுக்கட்டாயமாக இயக்க வேண்டும். அதற்கு அது வைத்திருக்கும் கருவிகள் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள்.

நம் உயிரணுக்களில் ஆர்பி என்றொரு புரதம் இருக்கிறது. வாய்க்காலுக்கு மதகு எப்படியோ, உயிரணுப் பிரிவுக்கு ஆர்பி அப்படி. தேவையான நேரம் தவிர மற்ற நேரம் அது மூடியே கிடக்கும். இ7 போய் அந்த மதகைப் பெயர்த்துவிடுகிறது. தண்ணீர் பாயத் தொடங்கியதும் உயிரணுவுக்குச் சந்தேகம் வரும். பி53 என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொள்ளும். கோளாறான உயிரணுவைக் கண்டால் அது தானாகவே அழிந்துபோகச் செய்வது அதன் வேலை, வயலில் களையெடுப்பதுபோல. இ6 அந்த பி53ஐப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. மதகும் போயிற்று, களையெடுக்கவும் ஆளில்லை.

சாதாரணத் தொற்றில் வைரஸே இதை அளவோடு செய்கிறது. இ2 என்ற இன்னொரு புரதம் இ6, இ7 இரண்டையும் தட்டி அடக்கி வைத்திருக்கும். விபரீதம் நடப்பது, வைரஸின் வளையம் அறுந்து நம் மரபுப்பொருளுக்குள்ளேயே செருகிக்கொள்ளும்போது. அறுபடும் இடம் பல சமயம் இ2 இருக்கும் பகுதியாக அமைந்துவிடுகிறது. அதட்ட ஆளில்லாமல் இ6, இ7 இரண்டும் கட்டவிழ்கின்றன. உயிரணு பிரிந்துகொண்டே போகிறது, ஒவ்வொரு பிரிவிலும் பிழைகள் சேர்கின்றன, களைய யாருமில்லை. பிழைகள் போதுமான அளவு குவிய ஆண்டுகள் பிடிக்கின்றன. அதனால்தான் இந்த நோய் இவ்வளவு மெதுவாக வருகிறது.

இதில் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மரபுப்பொருளில் செருகிக்கொண்ட வைரஸால் வழக்கம்போல் புதிய வைரஸ்களை உண்டாக்கி வெளியே அனுப்ப முடியாது. புற்றுநோய் அதன் நோக்கமல்ல. அதன் பாதையில் நேரும் விபத்து.

தொற்று நிலைத்துவிட்ட பெண்ணுக்குப் புற்று வர பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள். எதிர்ப்பு சக்தி குன்றியிருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலேயே வரலாம். எச்ஐவி உள்ள பெண்களுக்கு அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு. புகைப்பழக்கம் அபாயத்தைக் கூட்டும்.

கன்னியர், முயல், நோபல்

இத்தாலியின் வெரோனா நகரில் 1842இல் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், அந்த ஊரின் பல பத்தாண்டு இறப்புப் பதிவேடுகளை அலசினார். மணமான பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம், கன்னியாஸ்திரிகளிடம் அபூர்வம் என்று கண்டார். மார்பகப் புற்றுநோயில் நிலைமை தலைகீழ். ஏதோ ஒன்று உடலுறவு வழியாகப் பரவுகிறது என்ற ஐயத்தின் தொடக்கப்புள்ளி அது. ஆனால் அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று தெரிய இன்னும் நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின.

1933இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப், காட்டு முயல்களின் தலையில் கொம்புபோல் வளரும் மருக்களுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று காட்டினார். பாப்பிலோமா வைரஸால் கட்டி வளரும் என்பது அப்போதே தெரிந்தது. இருந்தும் மனிதரில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ்தான் என்று 1970களில் பெரும்பாலோர் நம்பினார்கள். ஜெர்மானியரான ஹரால்டு சூர் ஹாவ்சன் மட்டும் கட்டித் திசுக்களில் ஹெர்பிஸ் மரபுப்பொருளைத் தேடிப்பார்த்துவிட்டு, இல்லை என்றார். மரு வைரஸைத் தேடலாம் என்றார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் குழு முதலில் மருக்களிலிருந்து 6, 11 வகைகளைப் பிரித்தெடுத்தது. புற்றுத் திசுக்களில் அவை அகப்படவில்லை. விடாமல் தேடி 1983இல் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களிலிருந்தே பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் ஒரு பெண்ணின் பெயர் வராமல் இருக்கக் கூடாது. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற கறுப்பினப் பெண் ஹென்ரியட்டா லாக்ஸ். அவருக்குத் தெரியாமல் அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஆய்வகத்தில் சாகாமல் பெருகின. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்துபோனார். ‘ஹீலா’ என்ற பெயரில் அந்த உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வாழ்கின்றன. பின்னாளில் அவற்றைச் சோதித்தபோது உள்ளே எச்பிவி 18 செருகிக் கிடந்தது. அவற்றில் இ6, இ7 இரண்டையும் அடக்கினால் பெருகுவது நின்றுவிடுகிறது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உயிரணுக்கள் ஓடுவது வைரஸின் அந்த இரண்டு புரதங்களின் தயவில்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இருபது ஆண்டுகளை என்ன செய்வது?

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள். வருவதற்கு முன் இவ்வளவு அவகாசம் கொடுக்கும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அதில் இத்தனை பேர் சாவது நோயின் வீரியத்தால் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அறிகுறிக்காகக் காத்திருப்பதுதான் முதல் தவறு. மாதவிலக்குக்கு இடையே இரத்தம் படுதல், உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி இரத்தம், துர்நாற்றத்தோடு நீர் போதல். இவை தெரியும்போது பெரும்பாலும் புற்றாகவே மாறியிருக்கும். இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரண வெள்ளைப்படுதல் வேறு; அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அதற்குப் பயந்து கருப்பையையே எடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எந்த அறிகுறியும் இல்லாதபோது செய்வதே பரிசோதனை. அதில் மூன்று வழிகள் உண்டு. பழையது பாப் ஸ்மியர்: கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கிரேக்கத்தில் பிறந்த பாப்பனிக்கோலாவ் என்ற மருத்துவர் 1940களில் இதை நிலைநாட்டினார். பெயரில் உள்ள ‘பாப்’ அவர்தான். செல்வ நாடுகளில் இந்த நோய் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் நல்ல ஆய்வகமும், தேர்ந்த கண்களும், பெண்கள் திரும்பத் திரும்ப வருவதும் வேண்டும்.

அவை இல்லாத இடத்துக்கு வந்தது அமிலம் தடவிப் பார்க்கும் முறை. தொடக்கத்தில் சொன்ன திண்டுக்கல் ஆய்வுக்கு மறுபடி வருகிறேன். பரிசோதனைக்கு அழைத்த 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். திட்டு தெரிந்தவர்களுக்குத் தொடர் பரிசோதனையும், தேவைப்பட்டால் அன்றே உறைகுளிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒழுங்கு தப்பிய உயிரணுக்களைக் குளிரால் உறையவைத்து உதிரச் செய்யும் முறை அது. அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்த இந்தப் பரிசோதனை, நோய் வருவதை 25 சதவீதமும் இறப்பை 35 சதவீதமும் குறைத்திருந்தது. 2007இல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் ஏழை நாடுகளின் திட்டங்களை மாற்றியது. பரிசோதனையே இல்லாத ஒரு குழுவை ஒப்பீட்டுக்கு வைப்பது நியாயமா என்ற கேள்வி இவ்வகை ஆய்வுகள்மீது பிற்பாடு எழுந்தது. தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது.

மூன்றாவது, வைரஸின் மரபுப்பொருளையே தேடும் எச்பிவி பரிசோதனை. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், இந்தப் பரிசோதனைக்கு உட்பட்ட குழுவில் இந்த நோயால் இறந்தவர்கள் 34. ஏறத்தாழ அதே அளவுள்ள ஒப்பீட்டுக் குழுவில் 64. மற்ற இரண்டு முறைகளும் அதே ஆய்வில் இவ்வளவு பலன் காட்டவில்லை. இன்று உலகச் சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், முப்பது வயதிலிருந்து. வைரஸ் இல்லை என்று வந்தால் ஐந்து ஆண்டுகளாவது நிம்மதி. பெண்ணே தனியறையில் தானாகவே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய சௌகரியம். பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சப்பட்டே பல ஆண்டுகளைக் கடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. இருபதுகளில் ஏன் வேண்டாம் என்றால், அந்த வயதில் தொற்று மிகச் சாதாரணம், தானாகவே போய்விடும். தேடிக் கண்டுபிடித்து வீணாகக் கலங்குவதே மிச்சமாகும்.

முற்றாத நிலையில் சிகிச்சை சில நிமிட வேலை. குளிரால் உறைய வைப்பது, சூட்டால் பொசுக்குவது, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுப்பது என்று வழிகள் உள்ளன. கருப்பை பத்திரமாக இருக்கும். பிள்ளைப்பேறும் பெரும்பாலும் பாதிக்கப்படாது. புற்றாகிவிட்டாலும் ஆரம்பக் கட்டமென்றால் அறுவைச் சிகிச்சையாலும், சற்று முற்றியதென்றால் கதிர்வீச்சோடு மருந்தும் சேர்த்தும் குணப்படுத்த முடிகிறது.

வெறும் கூடு

தடுப்பூசியின் யோசனை அழகானது. எச்பிவியின் வெளிக்கூடு எல்1 என்ற ஒரே புரதத்தின் 360 நகல்கள் சேர்ந்து உண்டானது. அந்தப் புரதத்தைத் தனியே தயாரித்தால், யாரும் சொல்லித்தராமலே தாமாக ஒன்றுகூடி உருண்டையான கூடாகிவிடும். பார்க்க அச்சு அசல் வைரஸ். உள்ளே மரபுப்பொருள் கிடையாது. ஆளில்லாத வீடு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜியான் சோவும் இயன் ஃபிரேசரும் 1991இல் இந்தக் கூட்டை உருவாக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவிலும் இதே பணி நடந்தது. 2006இல் முதல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது; சோ அதைப் பார்க்கவில்லை, 1999இலேயே இறந்துவிட்டார்.

உள்ளே எதுவும் இல்லாததால் தடுப்பூசியால் தொற்று வராது. ஏற்கனவே வந்த தொற்றை அது போக்கவும் செய்யாது. 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வது அதனால்தான்: வைரஸைச் சந்திக்கும் முன். ‘இந்த வயதில் எதற்கு?’ என்று முகம் சுளிக்கும் தாய்தந்தையர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்தியாவில் இதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு செயல்விளக்கத் திட்டமாக ஆயிரக்கணக்கான சிறுமியருக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவர்களில் ஏழு பேர் இறந்த செய்தி வந்ததும் 2010இல் திட்டம் நின்றது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணை சொன்னது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி போன்ற காரணங்கள் இருந்தன. ஆனால் ஒப்புதல் பெற்ற விதம் மோசம். பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்ட படிவங்கள் வெளிவந்தன. 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசிமீது மக்களுக்கு வந்த அவநம்பிக்கையை ‘அறியாமை’ என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் படிவங்களை மறந்துவிடுகிறார்கள்.

அதே 2010இல் நின்றுபோன இன்னொரு ஆய்வு, எதிர்பாராத பலனைத் தந்தது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய நாட்டின் ஒன்பது மையங்களில் நடந்த ஆய்வு அது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. திடீர் நிறுத்தத்தால் கிட்டத்தட்ட 5,000 சிறுமியர் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். அவர்களை விட்டுவிடாமல் ஆய்வாளர்கள் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை அந்த ஒரு தவணையே 95 சதவீதம் தடுத்திருந்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். இது உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு, ஒரே தவணை போட்டாலும் போதும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசிச் செலவைப் பாதியாக்கிய அறிவிப்பு அது.

பலன் புள்ளிவிவரத்தில் தெரியத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி வழங்கப்பட்ட தலைமுறைப் பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது. ஸ்காட்லாந்தில் அந்த வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட தலைமுறையில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024இல் அறிக்கை வந்தது. இலங்கையில் 2017 முதல் பள்ளிச் சிறுமியருக்கு இது தேசியத் திட்டத்திலேயே உண்டு. சிக்கிம் 2018இல் மாநிலம் முழுக்கப் போட்டது. சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், இந்தியாவிலேயே தயாரான முதல் எச்பிவி தடுப்பூசி, 2023இல் விற்பனைக்கு வந்தது.

ஆனால் தடுப்பூசி எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை; போட்டுக்கொண்ட பெண்ணும் பின்னாளில் பரிசோதனைக்கு வர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு, பெண்களில் 70 சதவீதம் பேருக்காவது 35 வயதுக்குள் ஒருமுறை, 45க்குள் இன்னொருமுறை பரிசோதனை. பன்னிரண்டு வயது மகளை ஊசி போட அழைத்துச் செல்லும் தாய்க்குப் பெரும்பாலும் அந்த வயதுதான் இருக்கும். மகள் ஊசி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது, பரிசோதனை நடக்கும் அறை எது என்று அங்கேயே செவிலியரைக் கேட்டுவிடலாம்.